பெறுநர் ஏற்கவில்லை

மே 6

பார்சல் பகுதிப் பொறுப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி. என் மகன் உங்கள் ராணுவ முகாமில் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு அனுப்பிய பார்சல் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. மேலே சிவப்பு மையில் ‘பெறுநர் ஏற்கவில்லை’ என்று முத்திரை.

பெறுநர் என்றால் என் மகன். சின்ன வயதில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவான், நமக்கு ஒன்றும் வராது என்று தெரிந்தும். அவனா ஏற்க மாட்டான்? உங்கள் ஆட்கள் அவனைத் தேடிப் போகச் சோம்பல்பட்டு, கைக்குக் கிடைத்த முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே இருந்தது ஒரு கம்பளி உள்சட்டை, காலில் தடவும் களிம்பு, வறுத்த கடலை. போன வேகத்தில் திரும்பியிருந்தாலாவது பரவாயில்லை. கடலையில் சிக்கு வாடை அடிக்கிறது. பெட்டியின் மூலை நசுங்கிக் கிடக்கிறது.

முகவரியில் பிழை இருந்தால் சொல்லுங்கள், பெரிய எழுத்தில் எழுதுகிறேன். முகாமுக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் எண்ணை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் பாட்டு வருகிறது. அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநரின் அம்மா


மே 20

அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பார்சல் குறித்த புகார்களுக்கு எழுத்தில்தான் பதில் தர வேண்டும் என்பது விதி.

முகாமுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியும் முதலில் எக்ஸ்ரே இயந்திரத்தில் போகும். அடுத்து மோப்ப நாய். அதன் பிறகு பிரிவு வாரியாக அலமாரியில் அடுக்கி, பெறுநருக்குச் சீட்டு அனுப்புவோம். அவர் கவுன்டருக்கு வந்து அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் ஒரு மாதம் வைத்திருந்து, ‘பெறப்படவில்லை’ என்று திருப்புவோம். ‘ஏற்கவில்லை’ என்பது வேறு முத்திரை. பெறுநரே நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அதைக் குத்துவோம்.

சோம்பல் என்று எழுதியிருந்தீர்கள். நனைந்து பிய்ந்த பெட்டிக்கும், எறும்பு ஏறிய பெட்டிக்கும் உரியவரைத் தேடிக் கொடுக்கிறோம். சென்ற மாதம் ‘என் செல்லக்குட்டிக்கு’ என்று மட்டும் எழுதிய ஒரு பெட்டி வந்தது. விசாரித்துச் சேர்த்துவிட்டோம். செல்லக்குட்டி பீரங்கிப் பிரிவில் இருந்தார்.

உங்கள் முகவரியில் பிழை இல்லை. பெறுநரைப் பற்றி இதற்கு மேல் தெரிவிக்க எனக்கு அனுமதியில்லை.

நான் ஐயா அல்ல.

பொறுப்பாளர்,
பார்சல் பகுதி


ஜூன் 2

மதிப்பிற்குரிய அம்மா,

ஐயா என்று எழுதியதற்கும் சோம்பல் என்று எழுதியதற்கும் மன்னியுங்கள்.

நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றால், அவன் உயிரோடு, கைகாலோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என் எண்ணை அவன் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அதையும் எடுப்பதில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியாது. அவன் அப்பா தவறிப்போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். தையல் மிஷினை மிதித்துத்தான் வளர்த்தேன். அவன் படையில் சேர்ந்து போன பிறகு வீட்டில் நானும் மிஷினும்தான். சமைத்தால் மிஞ்சும். சமைக்காவிட்டால் ஏன் சமைக்கவில்லை என்று கேட்க ஆளில்லை. பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் சீருடைகளை எடுத்துப்போக வருவார். அவருக்கும் மனைவி இல்லை. பேசினோம். போன வருடம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம்.

“சொல்லாம செஞ்சுட்டே” என்று கடைசியாக ஒரு முறை போனில் கத்தினான் என் மகன். சொன்னால் வேண்டாம் என்பான், அவன் வேண்டாம் என்றால் நான் செய்ய மாட்டேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை. நான் தப்பு செய்துவிட்டதாக இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அவன் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உயிரோடு இருக்கிறானா? அது போதும்.


ஜூன் 19

அம்மா,

இது அலுவலகத் தாள் இல்லை. கவனித்திருப்பீர்கள். குடியிருப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறான். போன வாரம்கூட எங்கள் மூட்டைகளை ஏற்றி வந்த லாரியை அவன்தான் ஓட்டி வந்தான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இங்கே அப்படித்தான்.

சொல்லக்கூடாத இன்னொன்றையும் சொல்கிறேன். பார்சல் வேண்டாம் என்பவர்கள் கவுன்டர் பக்கமே வர மாட்டார்கள். தானாகத் திரும்பிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் மகன் சீட்டு கிடைத்த அன்றே வருகிறான். பெட்டியைக் கையில் வாங்கி, கனம் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறான். முகவரியை வாசிக்கிறான். பிறகுதான் “வேணாம், திருப்பிடுங்க” என்கிறான். இத்தனை வருடத்தில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் ஒரு சிப்பாயின் மனைவி. கல்யாணமான சில மாதங்களில் அவர் போய்விட்டார். அவர் உயிருக்கு ஈடாகக் கொடுத்ததுதான் இந்த வேலை. பார்சல் அறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள், இன்றும் அதே அறைதான். இங்கே மருத்துவப் பிரிவில் மருந்து கொடுக்கும் ஒருவர் என்னைக் கேட்டார். புகுந்த வீட்டார் என்ன சொல்வார்களோ என்று முடியாது என்றேன். அந்த வீட்டிலிருந்து இதுவரை ஒருவரும் நான் இருக்கிறேனா என்று கேட்டதில்லை.

ஆகவே உங்கள் மகன் பக்கம் நின்று பேச என்னால் முடியாது. உங்கள் பக்கம் நிற்கலாம் என்றால், வயிறு எரிகிறது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லோரும் என்னைப் பார்சலம்மா என்பார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.


ஜூலை 3

பார்சலம்மா தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். “கனம் பாத்தானாமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெட்டி கட்டுவது இவர்தான். டேப் ஒட்டுவதில் கெட்டி. அடுத்த பெட்டியை இன்னும் கனமாகக் கட்டப் போகிறாராம். அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் கை வலிக்கட்டும் என்கிறார். வேன்காரர் புத்தி அப்படித்தான் போகும்.

வயிறு எரிந்தது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்குப் பிறகுதான் உங்களை எனக்குப் பிடித்தது. இங்கே என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் வாயால் வாழ்த்திவிட்டு முதுகுக்குப் பின்னால் எரிகிறவர்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த மருந்துக்காரர் இப்போது எங்கே?

இத்துடன் இரண்டு பெட்டி அனுப்புகிறேன். ஒன்று அவனுக்கு. இன்னொன்று உங்களுக்கு. குளிருக்குப் போடுகிற ஒரு மேல்சட்டை தைத்திருக்கிறேன். அளவு தெரியாது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து, ஒல்லியான ஆள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் ஓரத்தில் தையலைப் பிரித்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறேன்.

அவன் வரும்போது ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள். குளிர் வந்தால் அவனுக்குக் குதிகால் வெடித்து ரத்தம் வரும். இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும். நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூலை 30

அம்மா அவர்களுக்கு,

நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

தங்கள் மகன் வந்தபோது அவனிடம் குதிகால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

“உங்க அம்மா கேட்டாங்க.”

“உங்ககிட்டயா? எப்படி?”

“எழுதியிருந்தாங்க.”

“நீங்க பதில் போட்டீங்களா?”

போட்டேன் என்றேன். வரிசையில் அவனுக்குப் பின்னால் அவன் பிரிவைச் சேர்ந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதை நான் யோசித்திருக்க வேண்டும். அவன் சத்தம் போடவில்லை. “எங்க வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். இங்க ஒருத்தருக்கும் தெரியாம இருந்தேன், பார்சலம்மா. அது ஒண்ணுதான் எனக்கு இங்க நிம்மதி” என்றான். பெட்டியைத் தொடவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தான்.

என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பெறுநரின் விவரத்தை வெளியாருக்குத் தெரிவித்தது குற்றம். பெறுநரின் குடும்பத்திடமிருந்து ஊழியர் பொருள் வாங்குவதும் குற்றம். ஆகவே எனக்கு வந்த பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கும் அதே முத்திரைதான். பெறுநர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்து.

இனி அலுவலகத்துக்கு எழுத வேண்டாம்.

கேட்டிருந்தீர்கள். மருந்தாளுநர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள்.

பொறுப்பாளர்,
பார்சல் பகுதி


ஆகஸ்ட் 25

தங்கச்சிக்கு,

அலுவலகத்துக்கு எழுத வேண்டாம் என்றீர்கள். குடியிருப்பு என்று போட்டு எழுதுகிறேன். அதுவும் கூடாது என்றால் படிக்காமல் கிழித்துவிடுங்கள்.

இரண்டு பெட்டியும் ஒரே நாளில் திரும்பி வந்தன. அவனுடையதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பழகிவிட்டது. உங்களுடையதைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு வேறு வழியில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒரு நாள் முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் என்னைத் திட்டிக்கொண்டேன். குதிகால் எப்படி இருக்கிறது என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஒருவர் வேலைக்கே உலை வைத்துவிட்டேனே.

அவன் சொன்னதும் மனதை விட்டுப் போகவில்லை. யாருக்கும் தெரியாமல் இருந்தேன் என்றானே. இந்தத் தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நான் பழகிக்கொண்டேன். அவன் பக்கத்தில் நின்று சிரிக்கிறவர்கள் யாரென்று நான் யோசித்ததே இல்லை.

இவர் அன்று சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “நான் வேணா கொஞ்ச நாள் என் தங்கச்சி வீட்டுல போய் இருக்கேன். நான் இல்லைன்னா பையன் வருவான்ல” என்றார். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டார், ஒரு வேட்டியும் ஒரு சட்டையும். “நீங்க போனா அவன் வருவான்னு யார் சொன்னா? நீங்களும் போயி அவனும் வரலைன்னா, நான் யார் கூட சண்டை போடுறது?” என்றேன். பையை வாங்கித் துணியை வெளியே எடுத்து, மடித்து மறுபடி பீரோவில் வைத்தேன். அவர் வெளியே போய் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில்தான் கழுவியிருந்தார்.

இனி அவனுக்குப் பெட்டி அனுப்ப மாட்டேன். அது அவனுக்குத் தொந்தரவு என்றால் எதற்கு? உங்கள் வேலைக்கு என்ன ஆனது என்று மட்டும் எழுதுங்கள்.

அக்கா


அக்டோபர் 12

அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் விசாரணை. அது முடிந்துவிட்டது. வேலை இருக்கிறது. ஆனால் ஜனவரி முதல் கவுன்டரில் இல்லை. பின்னால் மூட்டை பிரிக்கும் கொட்டகையில் போடுகிறார்கள். அங்கே பெட்டிகள்தான் வரும், ஆட்கள் வர மாட்டார்கள். சம்பளம் அதேதான். நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். எழுதியது என் கை.

இந்தக் கடிதத்தின் காரியம் வேறு. உங்கள் மகனின் பிரிவு மேலே எல்லைச் சாவடிக்குப் போய்விட்டது. பயப்படாதீர்கள், சண்டை ஒன்றும் இல்லை. பனி விழத் தொடங்கினால் பாதை அடைத்துவிடும், அதற்குள் ஆட்களை ஏற்றிவிடுவார்கள். பனி கரையும்வரை லாரி போகாது. கடிதமும் பார்சலும் போகாது.

மேலே போகிறவர்கள் ஒரு பைதான் கொண்டுபோகலாம். மீதி உடைமையைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அதைச் சோதித்து, முகவரித் தாளை மேலே ஒட்டி அனுப்புவது என் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வீட்டு முகவரி கட்டாயம் போடணுமா?” என்று கேட்டான்.

“கட்டாயம்.”

“வீடு இல்லாதவங்க?”

“பெட்டி இங்கேயே கிடங்குல கெடக்கும். என் வீட்டுக்காரரோடது அங்கதான் கெடக்கு. அவர் ஊருக்கு அனுப்புனேன், அங்க யாரும் வாங்கல.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தான். உங்கள் தெரு, வீட்டு எண், எல்லாம் எழுதினான். ‘பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டான்.

“அவர் பேரு என்ன?” என்றான்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் யார் வீட்டு விஷயத்துலயும் தலையிடக் கூடாதே” என்றேன்.

பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டு, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றான். வரிசை நகர்ந்தது. அவன் நகரவில்லை. கவுன்டரை மூடப் போகும் நேரத்தில் வந்து தாளைக் கொடுத்தான். பெயர் எழுதியிருந்தது, தலைப்பெழுத்தோடு. யாரிடமும் கேட்கவில்லை அக்கா. அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

போகும்போது, “உங்க மேல எழுதிக் குடுத்தது...” என்று தொடங்கினான். “அது சரிதான்” என்றேன். சும்மா சொல்லவில்லை. சரிதான்.

நீங்கள் இதை அதிகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன். அவன் மன்னித்துவிட்டான் என்று என்னால் சொல்ல முடியாது. பெட்டியை எங்காவது அனுப்பித்தான் ஆக வேண்டும், அனுப்பினான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எந்தப் பெட்டியையும் எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம். ஆளைப் பார்க்க இயந்திரம் இல்லை.

அவரை எங்கேயும் போக விடாதீர்கள். பெட்டி வரும்போது கையெழுத்திட அவர்தான் வீட்டில் இருக்க வேண்டும்.

தங்கை


நவம்பர் 8

தங்கச்சிக்கு,

பெட்டி வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் அளவு எடுக்கப் போயிருந்தேன். இவர்தான் வாங்கியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வேலைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைக் கூட்டிவர வேறு வண்டியை அனுப்பினாராம். தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது இவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். “எனக்கு யாரு அனுப்பப் போறான்னு, பக்கத்து வீடுன்னு சொல்லிட்டேன். அப்புறம் அந்தாளு பெட்டியத் திருப்பிக் காட்டுறாரு” என்றார். பெயர் எழுதிய இடத்தைக் கிழியாமல் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். கொஞ்சம் மனுஷராக இருங்கள் என்று அதட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நானே வெட்டிக் கொடுத்தேன்.

அதிகமாக எடுத்துக்கொள்ளாதே என்றீர்கள். எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனம் இளகி அனுப்பினான் என்றால் நாளைக்கு மறுபடி இறுகலாம். வேறு இடமில்லாமல் அனுப்பினான் என்றீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கோபம் இருக்கிறபோதும் அவனுக்கு வேறு இடமில்லை.

உங்களைப் பற்றித்தான் யோசனையாக இருக்கிறது. ஆள் வராத கொட்டகையில் எப்படி இருப்பீர்கள்? எனக்கு எழுதுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால், இன்று என்ன பெட்டி வந்தது, எதில் எறும்பு ஏறியிருந்தது என்று எழுதுங்கள். விடுப்பு எடுத்து இங்கே ஒரு தடவை வாருங்கள். இங்கே பெறுநர் ஏற்கவில்லை என்று சொல்ல யாரும் இல்லை. அந்த மேல்சட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அளவு சரியா என்று பார்த்துத்தான் முடிக்க முடியும்.

மேலே பனி விழுந்துவிட்டதா? இங்கே நன்றாக வெயில் அடிக்கிறது. அவன் துணிகள் பெட்டிக்குள் அடைந்து கிடந்து பூஞ்சை வாடை அடித்தன. இன்று எல்லாவற்றையும் துவைத்து மாடியில் காயப்போட்டேன். கால்சட்டையை உதறியபோது பையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எல்லாப் பையிலும் கைவிட்டுப் பார்த்தேன். என் சேலை, இவர் வேட்டி, அவன் சட்டைகள். கொடி இடம் போதாமல் இன்னொரு கயிறு கட்ட வேண்டியிருந்தது.

பக்கத்து மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “பையன் வந்திருக்கானா?” என்று கேட்டார்.

“துணி வந்திருக்கு” என்றேன்.

அக்கா